நியூ ஜெர்சியின் 14 ஓட்டு யாருக்கு?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். 2022-ல் குடியுரிமை கிடைத்தது. 2024-ல்தான் முதன்முதலாக அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட்டேன். டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் இருக்கும் என் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தபோது ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். "உங்க ஸ்டேட்ல ஒரு சட்டம் இருக்குக்கா. நாடு முழுக்க யாருக்கு அதிக ஓட்டோ, உங்க எலெக்டர் ஓட்டெல்லாம் அவருக்குத்தான். நீ யாருக்குக் குத்தினா என்ன?" என்றான். தேடிப் பார்த்தேன். 2008-லேயே அப்படி ஒரு சட்டம் நிறைவேறியிருப்பது உண்மைதான். ஆனால் 2024-ல் நாடு முழுவதும் அதிக ஓட்டு வாங்கியவர் டிரம்ப். எங்கள் மாநிலத்தின் 14 ஓட்டும் கமலா ஹாரிஸுக்குப் போயிருக்கிறது. சட்டத்தை மீறிவிட்டார்களா? இப்படி ஒரு சட்டம் கோர்ட்டில் நிற்குமா? "கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் சேர்ந்து நாட்டை ஆள டெமாக்ரட்டுகள் போட்ட திட்டம் இது" என்கிறான் தம்பி, அது சரியா? எனக்குக் கட்சி எதுவும் இல்லை. ஆனால் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிக்க வேண்டும் என்பது எனக்கு நியாயமாகப் படுகிறது. அதற்கு நான் ஏதாவது செய்ய முடியுமா? — ஒரு வாசகி, எடிசன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சட்டத்தை யாரும் மீறவில்லை. 2024 டிசம்பர் 17 அன்று மாநிலத் தலைநகர் டிரென்டனில் கூடிய 14 எலெக்டர்களும் ஹாரிஸுக்கு ஓட்டளித்தது முறைப்படி சரி. நீங்கள் படித்த 2008-ஆம் ஆண்டுச் சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் இன்னும் விழிக்கவில்லை. ஊரில் சீட்டுப் பிடிப்பவர் ஆள் சேரும் வரை சீட்டைத் தொடங்கமாட்டார் அல்லவா? பேர் கொடுத்தவர்கள் பட்டியலில் இருப்பார்கள், ஒரு ரூபாய்கூடக் கைமாறாது. நியூ ஜெர்சி 2008 ஜனவரியில் பேர் கொடுத்தது. சீட்டு இன்னும் தொடங்கவில்லை.

தொடங்குவதற்கான எண் 270. அமெரிக்க அதிபரைத் தேர்ந்தெடுக்கும் எலெக்டர்கள் மொத்தம் 538 பேர். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் பிரதிநிதிகள் சபை இடங்களோடு செனட்டின் 2 இடங்களைக் கூட்டினால் வரும் எண்ணிக்கையில் எலெக்டர்கள் உண்டு. தலைநகர் வாஷிங்டன் டி.சி.க்கு 3. இதில் 270 பேர் யாருக்கு ஓட்டளிக்கிறார்களோ அவர் அதிபர். அந்த 2008 சட்டத்தின் மூலம் உங்கள் மாநிலம் மற்ற மாநிலங்களோடு கையெழுத்திட்ட ஒப்பந்தம் சொல்வது இவ்வளவுதான்: சேரும் மாநிலங்களின் எலெக்டர் எண்ணிக்கை கூடி 270ஐத் தொட்ட பிறகு, நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எங்கள் எலெக்டர் இடங்களை நாடு முழுவதும் அதிக ஓட்டு வாங்கியவருக்குத் தருவோம். அதுவரைக்கும் பழையபடி, மாநிலத்தில் ஜெயித்தவருக்கே.

2007-ல் மேரிலாந்து முதலாவதாகச் சேர்ந்தது. 2024 ஏப்ரலில் மெய்ன் சேர்ந்தபோது 17 மாநிலங்களும் வாஷிங்டன் டி.சி.யும் பட்டியலில் இருந்தன. அவற்றின் எலெக்டர்களைக் கூட்டினால் 209. அந்த நவம்பரில் தேர்தல் நடந்தபோது இன்னும் 61 குறைவு. அதனால் ஒப்பந்தத்தை யாரும் தொடவே வேண்டியிருக்கவில்லை.

ஒப்பந்தம் விழித்திருந்தால் 2024-ல் என்ன ஆகியிருக்கும் என்று தம்பியிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். டிரம்ப் நாடு முழுவதும் ஹாரிஸைவிட சுமார் 23 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கினார். கலிஃபோர்னியாவின் 54, நியூயார்க்கின் 28, உங்கள் 14 எல்லாமே அவர் கணக்கில் சேர்ந்திருக்கும். அவர் பெற்ற 312 என்ற எண்ணிக்கை 500ஐத் தாண்டியிருக்கும். டெமாக்ரட்டுகளின் திட்டம் என்றால் வேடிக்கையான திட்டம்தான்.

இங்கே நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தால் டெமாக்ரட் எலெக்டர்களைப் பிடித்து வைத்து "டிரம்புக்குப் போடு" என்று யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. தேர்தலுக்கு முன்பே நியூ ஜெர்சியில் இரு கட்சிகளும் தலா 14 பேர் கொண்ட பட்டியலைக் கொடுத்துவிடுகின்றன. இப்போது மாநிலத்தில் ஜெயித்த கட்சியின் பட்டியலுக்கு நியமனச் சான்று கிடைக்கிறது. ஒப்பந்தப்படி, நாடு முழுவதும் ஜெயித்தவருடைய கட்சிப் பட்டியலுக்குச் சான்று கிடைக்கும். அதாவது அந்த 14 ரிபப்ளிகன்களே டிரென்டனில் உட்கார்ந்து தங்கள் வேட்பாளருக்கு மனதார ஓட்டளிப்பார்கள். கட்சி மாறி ஓட்டளிக்கும் எலெக்டரை மாநிலம் தடுக்கலாம், தண்டிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் வாஷிங்டன் மாநில வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் அந்தச் சிக்கலே இங்கே எழாது.

இனி கோர்ட்டில் நிற்குமா என்ற கேள்வி. நான் கையாளும் வழக்குகளில் பாதி தேர்தல் சட்டம் சம்பந்தப்பட்டவை என்பதால் இதை அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு காலில் உறுதியாகவும் மறு காலில் சந்தேகத்தோடும் நிற்கிறது என்பதே என் பதில்.

உறுதியான கால், அரசியல் சாசனத்தின் இரண்டாவது பிரிவு. ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டமன்றம் சொல்லும் முறையில் எலெக்டர்களை நியமிக்கலாம் என்கிறது அது. மக்கள் ஓட்டுப் போட வேண்டும் என்றுகூட அங்கே எழுதவில்லை. தென் கரோலினாவில் 1860 வரை சட்டமன்றமே எலெக்டர்களைத் தேர்ந்தெடுத்தது, சாதாரண மனிதன் அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட்டதே இல்லை. 1892 தேர்தலுக்கு மிச்சிகன், மாநிலம் முழுவதற்கும் ஒரே கணக்கு என்ற முறையை விட்டுவிட்டு மாவட்டவாரியாக எலெக்டர்களைப் பிரித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. சட்டமன்றத்தின் அதிகாரம் மிக விரிவானது என்று தீர்ப்பானது. இன்றைக்கும் மெய்னும் நெப்ராஸ்காவும் மாவட்டவாரியாகத்தான் பிரிக்கின்றன. ஜெயித்தவருக்கே எல்லாம் என்று மற்ற 48 மாநிலங்கள் வைத்திருப்பது அந்தந்த மாநிலச் சட்டம், சாசனத்தின் கட்டளை இல்லை. மாநிலம் போட்ட சட்டத்தை மாநிலமே மாற்றலாம் என்பது இந்த இயக்கத்தின் முழு அடித்தளம்.

இந்த யோசனை 2001-ல் சட்டப் பேராசிரியர்களிடமிருந்து வந்தது. 2000 தேர்தலில் அல் கோர் நாடு முழுவதும் 5 லட்சத்துக்கு மேல் ஓட்டு அதிகம் வாங்கியும், ஃப்ளோரிடாவில் 537 ஓட்டில் தோற்று, அதனால் அதிபர் பதவியையே இழந்த சூடு ஆறாத நேரம் அது. ராபர்ட் பென்னட் என்பவர் ஒரு பக்கம் எழுதினார். அகில் அமர், விக்ரம் அமர் என்ற இந்திய வம்சாவளிச் சகோதரர்கள் இன்னொரு பக்கம் எழுதினார்கள். அதை 2006-ல் ஒரு மசோதா வடிவமாக்கி மாநிலம் மாநிலமாகக் கொண்டுபோனவர் ஜான் கோசா என்ற கணினி விஞ்ஞானி. நாம் பெட்ரோல் பங்க்கில் சில்லறை மிச்சத்துக்கு வாங்கிச் சுரண்டுகிறோமே, அந்த லாட்டரிச் சீட்டைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் அவர். மாநில லாட்டரிகளோடு வேலை செய்த மனிதருக்கு மாநிலங்கள் ஒன்றோடொன்று ஒப்பந்தம் போடும் வழக்கம் தெரிந்திருந்ததில் ஆச்சரியமில்லை.

சந்தேகமான கால், அந்த ஒப்பந்தம்தான். காங்கிரஸின், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின், ஒப்புதல் இல்லாமல் ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்தோடு ஒப்பந்தம் செய்யக்கூடாது என்று சாசனத்தின் முதல் பிரிவு சொல்கிறது. மன்ஹாட்டன் போக நீங்கள் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தில் டோல் கட்டுகிறீர்களே, அதை வசூலிக்கும் போர்ட் அத்தாரிட்டி 1921-ல் நியூயார்க்கும் நியூ ஜெர்சியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பிறந்தது. அதற்குக் காங்கிரஸ் ஒப்புதல் இருக்கிறது. அதிபர் தேர்தல் ஒப்பந்தத்துக்கு இல்லை.

ஆனால் எல்லா ஒப்பந்தத்துக்கும் ஒப்புதல் வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. 1893-ல் வர்ஜீனியாவுக்கும் டென்னசிக்கும் நடந்த எல்லைத் தகராறு வழக்கில், மத்திய அரசின் மேலாண்மையை அரிக்கும் விதத்தில் மாநிலங்களின் அரசியல் பலத்தைக் கூட்டும் ஒப்பந்தங்களுக்குத்தான் ஒப்புதல் தேவை என்றது. 1978-ல் பல மாநிலங்கள் சேர்ந்த வரி ஒப்பந்தத்தை, காங்கிரஸ் ஒப்புதல் இல்லாமலே செல்லும் என்றது. எலெக்டர் நியமனம் எப்படியும் மாநிலத்தின் சொந்த அதிகாரம், மத்திய அரசிடமிருந்து எதுவும் பறிபோகவில்லை என்பது ஆதரவாளர்கள் வாதம். சேராத மாநிலங்களின் பலம் போய்விடுகிறதே, யாருக்கும் 270 கிடைக்காவிட்டால் மாநிலத்துக்கு ஒரு ஓட்டு என்ற கணக்கில் பிரதிநிதிகள் சபை அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் அற்றுப்போகிறதே என்பது எதிர்வாதம். எதிர்வாதத்தை நான் அலட்சியமாக ஒதுக்கமாட்டேன். 270 எட்டிய மறுநாள் காலையில் வழக்கு பதிவாகும், தேர்தலுக்கு முன்பே உச்ச நீதிமன்றம் போகும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை வேறு. ஒப்பந்தத்தை விட்டு வெளியேறுவதைப் பற்றியது.

ஒப்பந்தத்தில் ஒரு தேதி இருக்கிறது: தேர்தல் ஆண்டின் ஜூலை 20. அன்றைக்கு 270 இருந்தால்தான் அந்தத் தேர்தலுக்கு ஒப்பந்தம் பொருந்தும். அதற்குப் பிறகு அடுத்த ஜனவரி 20 வரை யார் வெளியேறினாலும் அது செல்லாது. காகிதத்தில் நன்றாக இருக்கிறது. இப்போது ஒரு செப்டம்பர் மாதத்தை நினைத்துப் பாருங்கள். உங்கள் மாநிலம் ஒரு வேட்பாளருக்கு 60 சதவீதம் தரும் போலிருக்கிறது, நாடு முழுவதும் மற்றவர் முன்னிலையில் இருக்கிறார். டிரென்டனில் சட்டமன்ற உறுப்பினர்களின் ஃபோன் ஓயாமல் அடிக்கிறது. "நாங்கள் போட்ட ஓட்டை எடுத்து அவருக்கா கொடுப்பீர்கள்?" என்று கேட்கிறார்கள். சட்டமன்றம் கூடி ஒப்பந்தத்தை ரத்து செய்தால்? எலெக்டர் நியமன முறையைச் சட்டமன்றம் சொல்லலாம் என்ற அதே இரண்டாம் பிரிவை இப்போது வெளியேற நினைப்பவர்கள் கையில் எடுப்பார்கள்.

தேர்தல் நாளுக்குப் பிறகு அந்தக் கதவு அடைபட்டுவிடும். 2022-ல் காங்கிரஸ் திருத்திய சட்டப்படி, தேர்தல் நாளுக்கு முன்பு இயற்றப்பட்ட மாநிலச் சட்டத்தின்படியே எலெக்டர்கள் நியமிக்கப்பட வேண்டும். ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்ற முடியாது. ஆனால் ஜூலை 20க்கும் நவம்பருக்கும் இடையே மூன்றரை மாதம் இருக்கிறது. ஒப்பந்தம் என்பது மாநிலத்தையும் கட்டும், அதை இஷ்டத்துக்கு மீற முடியாது என்று பதில் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் உங்கள் மாநிலத்தின் சொந்தக் கதை ஒன்று உண்டு. துறைமுகத்தில் ரவுடி ஆதிக்கத்தை ஒழிக்க 1953-ல் நியூயார்க்கோடு சேர்ந்து ஓர் ஆணையம் அமைத்தது நியூ ஜெர்சி. பல பத்தாண்டு கழித்து நியூ ஜெர்சி மட்டும் வெளியேற விரும்பியது, நியூயார்க் மறுத்தது, வழக்கு நடந்தது. 2023-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, நியூ ஜெர்சி தன்னிச்சையாக வெளியேறலாம் என்றது. அந்த ஒப்பந்தத்தில் வெளியேறுவது பற்றி ஒரு வரிகூட இல்லாததால் அப்படித் தீர்ப்பானது. இதில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள் என்பது பெரிய வித்தியாசம். இருந்தாலும், வாக்குறுதி கொடுத்த மாநிலம் கொதிக்கிற நேரத்தில் அதைக் காப்பாற்றுமா என்பது எந்தத் தீர்ப்பிலும் எழுதியில்லை.

ஓட்டு எண்ணிக்கையிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. நாடு முழுவதும் ஒரே எண்ணிக்கை என்று சொல்கிறோம், ஆனால் அமெரிக்காவில் தேசிய அளவில் ஓட்டு எண்ணும் அமைப்பே கிடையாது. இந்தியாவிலிருந்து வந்த நமக்கு இது விசித்திரமாக இருக்கும். மொத்த நாட்டுக்கும் ஒரே தேர்தல் ஆணையத்தைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். இங்கே 50 மாநிலங்களுக்கும் டி.சி.க்கும் தனித்தனி விதி. யார் ஓட்டுப் போடலாம், தபால் ஓட்டு எந்தத் தேதி வரை வரலாம் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். ஒப்பந்தப்படி உறுப்பு மாநிலத்தின் தலைமைத் தேர்தல் அதிகாரி மற்ற மாநிலங்கள் சான்றளித்த எண்களை எடுத்துக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். வித்தியாசம் 70 லட்சம் என்றால் பிரச்சினை இல்லை. 70 ஆயிரம் என்றால்? மறுஎண்ணிக்கை நடக்க வேண்டுமா என்பதை ஒவ்வொரு மாநிலமும் தன் மாநிலத்துக்குள் உள்ள வித்தியாசத்தை வைத்தே முடிவு செய்கிறது. தன் மாநிலத்தில் 20 சதவீதத்தில் ஜெயித்த கட்சிக்கு எதற்கு மறுஎண்ணிக்கை என்று பல மாநிலங்கள் கையை விரித்துவிடும். 2021-ல் வடக்கு டகோட்டாவின் செனட் இன்னும் ஒரு படி மேலே போனது. எலெக்டர்கள் ஓட்டளித்து முடியும் வரை மாநிலத்தின் ஓட்டு எண்ணிக்கையையே வெளியிடக்கூடாது என்று ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அந்தத் தடை சட்டமாகவில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் சேராத மாநிலம் நினைத்தால் எப்படியெல்லாம் முட்டுக்கட்டை போடலாம் என்று காட்டிவிட்டது.

இவ்வளவு குறை சொல்கிறாரே, சாசனத்தையே திருத்திவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அதுதான் சுத்தமான வழி, சந்தேகமே இல்லை. முயன்றும் பார்த்தார்கள். 1968 தேர்தலில் ஜார்ஜ் வாலஸ் மூன்றாவது வேட்பாளராக நின்று தென் மாநிலங்களில் 46 எலெக்டர்களை அள்ளியது இரு கட்சிகளையும் பயமுறுத்தியது. 1969 செப்டம்பரில் பிரதிநிதிகள் சபை நேரடித் தேர்தலுக்கான திருத்தத்தை 338-க்கு 70 என்று நிறைவேற்றியது. அதிபர் நிக்சனும் ஆதரித்தார். மறுவருடம் செனட்டில் தென் மாநில உறுப்பினர்களும் சிறிய மாநில உறுப்பினர்களும் விவாதத்தை முடிக்கவிடாமல் இழுத்தார்கள். விவாதத்தை நிறுத்தக் கிடைத்த ஓட்டு 54-க்கு 36. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், கிடைக்கவில்லை. அத்தோடு போயிற்று. இன்று ஒரு திருத்தம் வர இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கும், பிறகு 38 மாநிலங்களும் வேண்டும். 13 மாநிலங்கள் வேண்டாம் என்றால் முடிந்தது.

அதனால்தான் மாநிலங்கள் வழியாகச் சுற்றிப் போகிறார்கள். இது புதிதும் இல்லை. 1913 வரை செனட் உறுப்பினர்களையே மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, மாநிலச் சட்டமன்றங்கள்தான் தேர்ந்தெடுத்தன. செனட் உறுப்பினர்கள் தங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையைத் தாங்களே மாற்றுவார்களா? ஒரேகான் மாநிலத்தவர்கள் ஒரு வழி கண்டார்கள். செனட்டுக்கு யார் வேண்டும் என்று மக்களிடம் ஓட்டெடுப்பது. அதில் ஜெயித்தவரையே தேர்ந்தெடுப்போம் என்று சட்டமன்ற வேட்பாளர்களிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது. 1908-ல் மக்கள் ஓட்டில் ஜார்ஜ் சேம்பர்லின் என்ற டெமாக்ரட் ஜெயித்தார். சட்டமன்றமோ ரிபப்ளிகன்கள் கையில். கையெழுத்துப் போட்டவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த ஜனவரியில் எதிர்க்கட்சிக்காரரைச் செனட்டுக்கு அனுப்பினார்கள். மற்ற மாநிலங்களும் இதைப் பின்பற்றத் தொடங்கின. சில ஆண்டுகளில் காங்கிரஸே இறங்கிவந்து சாசனத்தைத் திருத்தியது. இன்றைய ஒப்பந்தத்தையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். அது ஒருநாள் நேரடியாக நடைமுறைக்கு வந்து சுமுகமாக ஓடும் என்ற நம்பிக்கை எனக்குக் குறைவு. 270-ஐ நெருங்க நெருங்க, வழக்குக்கும் குழப்பத்துக்கும் பயந்து காங்கிரஸ் ஒழுங்கான ஒரு திருத்தத்தை எடுக்கும் என்பதற்கு வாய்ப்பு கூடுதல்.

இப்போது தம்பி சொன்னதற்கு வருகிறேன். சேர்ந்தவை எல்லாம் டெமாக்ரட் பக்கம் சாயும் மாநிலங்கள் என்பதை மறுக்க முடியாது. ஹவாயில் ரிபப்ளிகன் ஆளுநர் வீட்டோ செய்ததைச் சட்டமன்றம் முறியடித்துத்தான் சேர்ந்தது. கலிஃபோர்னியாவில் ரிபப்ளிகன் ஆளுநர் ஷ்வார்ஸ்நெகர் இரண்டு முறை வீட்டோ செய்தார், அடுத்த ஆளுநராக டெமாக்ரட் ஜெர்ரி பிரவுன் வந்து 2011-ல் கையெழுத்துப் போட்டார். ஆனால் எதிர்ப்பக்கம் காலியாக இருந்ததில்லை. 2014-ல் ஓக்லஹோமா செனட்டும், 2016-ல் அரிசோனாவின் கீழவையும் இதை நிறைவேற்றின, இரண்டும் அப்போது ரிபப்ளிகன் கையில் இருந்தவை. எலெக்டர் முறை ஜனநாயகத்துக்கே பேரழிவு என்று 2012 தேர்தல் இரவில் ட்விட்டரில் எழுதியவர் டொனால்ட் டிரம்ப். 2016-ல் ஹிலாரி கிளின்டனைவிட 28 லட்சம் ஓட்டு குறைவாக வாங்கி அவர் அதிபரானதும் கட்சிக் கோடு இறுகிவிட்டது.

உண்மையில் இந்த முறை யாரை எப்போது வாரிவிடும் என்று சொல்ல முடியாது. 2004-ல் புஷ் நாடு முழுவதும் 30 லட்சம் ஓட்டு முன்னிலை. ஒஹாயோவில் மட்டும் சுமார் 60 ஆயிரம் பேர் மாற்றிப் போட்டிருந்தால் ஜான் கெர்ரி அதிபர். அன்று அழுதிருக்கப்போவது ரிபப்ளிகன்கள்.

கலிஃபோர்னியா நாட்டை ஆளும் என்ற பயத்துக்கு ஓர் எண் போதும். 2020-ல் டிரம்புக்கு மிக அதிக ஓட்டுக் கொடுத்த மாநிலம் எது? டெக்சஸ் இல்லை, ஃப்ளோரிடா இல்லை. கலிஃபோர்னியா, 60 லட்சத்துக்கு மேல். அத்தனையும் எலெக்டர் கணக்கில் பூஜ்யம். அதேபோல 2024-ல் தம்பி இருக்கும் டெக்சஸில் ஹாரிஸுக்கு 48 லட்சம் பேர் போட்டார்கள். உங்கள் நியூ ஜெர்சியில் டிரம்புக்குச் சுமார் 20 லட்சம் பேர். எல்லாம் மாநில எல்லையோடு நின்றுவிட்டது. நேரடிக் கணக்கில் மாநிலம் ஒரு கட்டியாக ஓட்டுப் போடாது, மனிதர்கள் போடுவார்கள். தம்பி எந்தக் கட்சி என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் அவர் ஓட்டும் இப்போது உங்கள் ஓட்டைப் போலவே ஓரத்தில்தான் நிற்கிறது. 2024-ல் வேட்பாளர்கள் இருவரும் குடியிருந்தது போல் சுற்றிய, இழுபறியான ஏழு மாநிலங்கள் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா.

சிறிய மாநிலங்கள் நசுங்கிவிடும் என்ற வாதத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. வயோமிங்கில் 6 லட்சம் பேர்கூட இல்லை, 3 எலெக்டர். கலிஃபோர்னியாவில் சுமார் 4 கோடிப் பேருக்கு 54. அந்தக் கூடுதல் எடை போய்விடும். ஆனால் அந்த எடையால் வயோமிங்குக்கு எந்த வேட்பாளர் போகிறார்?

இந்த ஒப்பந்தத்தின் நிஜமான தடை கட்சி மட்டும் இல்லை, அந்த ஏழு மாநிலங்களின் சுயநலமும்தான். 2019-ல் நெவாடாவின் இரு அவைகளும் ஒப்பந்தத்தை நிறைவேற்றின. ஆளுநர் ஸ்டீவ் சிசோலாக், டெமாக்ரட், வீட்டோ செய்துவிட்டார். நெவாடா போன்ற சிறிய மாநிலத்தின் செல்வாக்கு குறைந்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம். வெறும் 6 எலெக்டர் வைத்துக்கொண்டு இரு கட்சித் தலைவர்களையும் லாஸ் வேகாஸுக்கு வரவைக்கும் ஒரு மாநிலம் அந்தச் சௌகரியத்தை விட்டுக்கொடுக்குமா? எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அந்த நாற்காலியில் யார் இருந்தாலும் யோசித்திருப்பார்கள்.

கடைசியாக, நீங்கள் என்ன செய்யலாம் என்ற கேள்வி. நியூ ஜெர்சியில் ஆதரவாளராக உங்களுக்கு வேலை குறைவு, சட்டம் வந்துவிட்டது. எதிர்ப்பவர்களுக்கும் மனுக் கொடுத்துப் பொதுவாக்கெடுப்புக் கேட்கும் வழி உங்கள் மாநிலத்தில் இல்லை. கொலராடோவில் அது இருந்தது. 2019-ல் சட்டமன்றம் சேர்ந்ததும் எதிர்ப்பாளர்கள் கையெழுத்துத் திரட்டி, 2020 நவம்பரில் மக்களிடமே ஓட்டுக்கு விட்டார்கள். சுமார் 52 சதவீதம் பேர் ஒப்பந்தம் இருக்கட்டும் என்றார்கள். அவ்வளவு பிரச்சாரம் நடந்தும் வித்தியாசம் இவ்வளவுதான் என்பதையும் கவனியுங்கள். டிரென்டனில் இந்தச் சட்டத்தை வைத்திருக்கவோ ரத்து செய்யவோ போகிறவர்கள் உங்கள் தொகுதியின் ஒரு மாநில செனட்டரும் இரண்டு சட்டசபை உறுப்பினர்களும். அவர்களுக்கான தேர்தல் நடப்பது ஒற்றைப்படை ஆண்டுகளில், அதிபர் தேர்தல் பரபரப்பு எதுவும் இல்லாத நேரத்தில். நம்மவர்கள் பலர் அந்த நவம்பர்களில் ஓட்டுச்சாவடிப் பக்கமே போவதில்லை. நீங்கள் போங்கள். முடிந்தால் அவர்கள் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, நெருக்கடி வந்தால் ஒப்பந்தத்தில் நிற்பீர்களா என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்தவரை யாரும் கேட்காத கேள்வி அது.

உங்கள் நோக்கத்துக்கு உண்மையான வேலை தம்பி வீட்டுப் பக்கம் இருக்கிறது. டெக்சஸில் 40 எலெக்டர்கள். அந்த அளவு மாநிலம் ஒன்று சேராமல் 270 வருவது கடினம். அங்கே இது நடக்க ரிபப்ளிகன்களுக்கு அதில் ஏதாவது லாபம் தெரிய வேண்டும். 2024-ல் மக்கள் ஓட்டிலும் ஜெயித்த கட்சிக்கு அந்த வாதம் முன்பைவிட எளிதாகப் புரியும் என்று நினைக்கிறேன், ஆனால் பந்தயம் கட்டமாட்டேன்.

உங்கள் ஓட்டுக்கு மதிப்பு உண்டா என்றால், நியூ ஜெர்சி நிச்சயமான மாநிலம் என்ற நினைப்பே ஆடத் தொடங்கியிருக்கிறது. 2020-ல் பைடன் அங்கே 16 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார், 2024-ல் ஹாரிஸ் 6-ல். அந்தப் போக்கு இன்னும் ஒரு தேர்தலுக்கு நீடித்தால் வேட்பாளர்கள் எடிசன் பக்கமும் வந்து போவார்கள், ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

2028 தேர்தலுக்கு எந்த விதி என்பது அந்த ஆண்டு ஜூலை 20 அன்று தெரிந்துவிடும். அன்றைக்கு 270 இல்லை என்றால் 2024 போலவேதான்: நியூ ஜெர்சியில் யார் ஜெயிக்கிறாரோ 14-ம் அவருக்கு. 2032-க்கு எண்கள் இன்னும் மாறும். 2030 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு எலெக்டர் இடங்கள் மறுபங்கீடு ஆகும். சென்ற முறை கலிஃபோர்னியா 55-லிருந்து 54 ஆனது, நியூயார்க் 29-லிருந்து 28. ஒரு மாநிலமும் விலகாமலே பட்டியலின் மொத்தம் குறையலாம்.